சாணுக்கும் குறைந்த வேகனில் கலிஃபோர்னியா ஆரஞ்சு

கசகசா மணி ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அதன் குறுக்களவு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அதை 87 மடங்கு பெரிதாக்கினால் நல்ல ஆரஞ்சுப் பழம் ஒன்றின் அளவு வந்துவிடும். கடுகை 87 மடங்கு பெரிதாக்கினால் சின்ன முட்டைக்கோஸ். அமெரிக்காவில் பழைய ரயில் வண்டிகளைச் சிறிய அளவில் செய்து பார்க்கும் பொழுதுபோக்குக்காரர்களுக்கு இந்த 87 என்ற எண் மனப்பாடம். அசல் வண்டியில் 1 அடி என்பது அவர்கள் மேஜையில் மூன்றரை மில்லிமீட்டர். அந்தக் காலத்து 40 அடி கூட்ஸ் வேகன் அவர்கள் கையில் 14 சென்டிமீட்டர்தான். ஒரு சாணுக்கும் குறைவு.

இதைக் குழந்தைகள் விளையாட்டு என்று தள்ளிவிட வேண்டாம். இதற்கென்றே ஒரு மாதப் பத்திரிகை 1934-ம் ஆண்டு அங்கே தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1935-ல், மில்வாக்கி நகரில் தேசியச் சங்கம் ஒன்றும் ஏற்பட்டது. சக்கரத்துக்கு இவ்வளவு, தண்டவாளத்துக்கு இவ்வளவு, வேகனின் எடை நீளத்துக்கு ஏற்ப இவ்வளவு என்று அந்தச் சங்கம் அளவுகள் வகுத்திருக்கிறது. இதில் தேர்ந்தவர்கள் ஏதோ ஒரு ரயில் என்று செய்வதில்லை. ஓர் ஊர், ஓர் ஆண்டு, ஏன், ஒரு மாதத்தைக்கூட முடிவு செய்துகொண்டு, அந்த மாதம் அந்த ஊர் வழியே என்னென்ன வேகன் போயிருக்கும், அதனுள் என்ன சரக்கு இருந்திருக்கும், யார் அனுப்பினார், யார் வாங்கினார் என்று பழைய சீட்டுகளையும் புகைப்படங்களையும் கிளறிக் கண்டுபிடித்துச் செய்கிறார்கள்.

இதில் நமக்கென்ன வேலை என்று விவசாயிகள் கேட்கலாம். அந்த நாட்டின் பழைய வேகன்களில் பெரும் பகுதி சுமந்தது விளைபொருளைத்தான். பழம், காய், கோதுமை, மக்காச்சோளம், ஆடு, மாடு, கோழி, பால், சர்க்கரைக் கிழங்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகன், ஒரு முறை. வேகனைச் சரியாகச் செய்யப் போனவர்கள், விளைச்சல் எப்படிப் பயணம் செய்தது, வழியில் எப்படி அழுகியது, நட்டம் யார் தலையில் விழுந்தது என்ற விவரங்களையும் சேர்த்துத் தோண்டி எடுத்துவிட்டார்கள். தக்காளியை இரவு லாரியில் ஏற்றிவிட்டு, காலையில் மண்டியில் என்ன விலையோ என்று விழித்திருக்கும் நமக்கு இதில் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

கூரையில் ஐஸ் வாசல்

மாதிரி செய்வோர் பெரிதும் விரும்பும் வேகன், பழம் காய்கறி ஏற்றிய ஐஸ் வேகன். பார்த்தால் சாதாரண மூடிய பெட்டிபோல் இருக்கும். ஆனால் சுவருக்குள் வெப்பம் புகாதபடி அடைப்பு உண்டு. பெட்டியின் இரு கோடியிலும் ஐஸ் கொட்டும் அறைகள். கூரையின் நான்கு மூலையிலும் அவற்றுக்கான மூடிகள். அறைகளில் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 5 டன் ஐஸ் பிடிக்கும். குளிர்ந்த காற்று கனமானதால் கீழே இறங்கித் தரைச் சட்டங்களுக்கு அடியில் பரவும். சரக்கின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே ஏறி, மறுபடி ஐஸ் அறைக்குள் போகும். இயந்திரம் எதுவும் கிடையாது. 1940-களில்தான் வேகனின் சக்கரம் சுழலும்போது கூடவே சுழலும் விசிறிகளைப் பொருத்தத் தொடங்கினார்கள்.

கலிஃபோர்னியாவிலிருந்து நியூயார்க் நகரம் ஏறத்தாழ 3,000 மைல். கோடைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் அந்தப் பயணத்துக்கு ஒருமுறை நிரப்பிய ஐஸ் காணாது. ஆகவே வழிநெடுக ஐஸ் நிலையங்கள் அமைத்தார்கள். வேகன் கூரையின் உயரத்துக்கு நீளமான மரமேடை. அதன்மேல் சங்கிலி இழுத்து வரும், ஒவ்வொன்றும் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ எடையுள்ள ஐஸ் பாளங்கள். ஆட்கள் கொக்கிக் கம்பால் அவற்றைத் தள்ளி, உடைத்து, மூடி வழியே உள்ளே இறக்குவார்கள். வண்டி வரிசையாக நிற்க, ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பிவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

இந்தத் தொழிலில் மிகப் பெரியதாக வளர்ந்தது பசிஃபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ் என்ற நிறுவனம். யூனியன் பசிஃபிக், சதர்ன் பசிஃபிக் என்ற இரண்டு ரயில் கம்பெனிகள் சேர்ந்து 1906 டிசம்பரில் அமைத்தது இது. 6,600 வேகன்களுக்கு ஆர்டர் கொடுத்து, 1907 அக்டோபரில் வேலையைத் தொடங்கியது. பிற்பாடு வேகன்களின் எண்ணிக்கை 40,000 அளவுக்குப் போயிற்று. கலிஃபோர்னியாவின் ரோஸ்வில் என்ற ஊரில் இதற்கிருந்த ஐஸ் ஆலை உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாகக் கருதப்பட்டது. இந்த நிறுவனத்தைப் பற்றி மட்டுமே 1992-ல் பெரிய புத்தகம் ஒன்று வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவரான ஆன்டனி தாம்ப்சன், மாதிரி ரயில் செய்வோரிடையே நன்கு அறிமுகமானவர். வேகனின் பக்கப் பலகை எந்த ஆண்டில் மஞ்சளாக இருந்தது, எப்போது ஆரஞ்சு நிறமாயிற்று என்று (1929-ல்தான் மாறியது) இவர்கள் விவாதிப்பதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனாலும் அந்தக் கண்டிப்பால்தான் மற்ற விவரங்களும் தவறாமல் பதிவாகின.

கூரை மூடியையே பாருங்கள். மாதிரி வேகனில் அந்தக் குட்டி மூடியை மூடியபடி வைப்பதா, தூக்கி முட்டுக்கொடுத்து வைப்பதா? ஐஸ் போட்டிருந்தால் மூடி இறுக மூடியிருக்கும். வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவை குளிர்ந்த பருவத்தில் ஐஸ் இல்லாமலே போகும். அப்போது மூடியைத் தூக்கி வைத்தால் ஓட்டத்தில் காற்று உள்ளே புகுந்து சரக்கு புழுங்காமல் காக்கும். கடும் பனிக்காலத்திலோ கதை தலைகீழ். உருளைக்கிழங்கு உறைந்து கெடாமல் இருக்க ஐஸ் வைக்கும் அதே அறையில் கரி அடுப்பை வைத்துச் சூடேற்றி அனுப்பினார்கள்! ஆகவே ஒரு மாதிரி வேகனின் மூடியைப் பார்த்தே, உள்ளே என்ன சரக்கு, எந்த மாதம் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

லெட்டூஸ் என்னும் இலைக்கோசுக்கு இந்த ஐஸ் போதாது. சாலினாஸ் பள்ளத்தாக்கில் 1920-களில் அதன் சாகுபடி பெருகியபோது, பெட்டிக்குள் அடுக்குக்கு அடுக்கு நொறுக்கிய ஐஸைப் போட்டார்கள். ஏற்றி முடித்தபின் சரக்கின் தலைமேலும் ஐஸ் தூளைக் கொட்டினார்கள். 1950-களில், காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி இலையின் ஈரத்தை ஆவியாக்கிச் சில நிமிடங்களில் குளிரவைக்கும் முறை வந்தது. கனமான மரப்பெட்டி போய் அட்டைப் பெட்டி வந்தது. வயலின் சூட்டோடு வண்டியில் ஏற்றக் கூடாது என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். நம் ஊரில் உச்சிவெயிலில் பறித்த காயை அப்படியே சாக்கில் கட்டி, தார்ப்பாய் போட்டு மூடுகிறோமே, அது உள்ளிருக்கும் சூட்டைப் பூட்டி வைப்பதற்குச் சமம். ஐஸ் இல்லாவிட்டாலும் விடியற்காலைப் பறிப்பும், இரண்டு மணி நேரம் நிழலில் பரப்பி வைப்பதும் எவருக்கும் முடியும்.

அழுகலுக்குக் காரணம் எங்கே?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா ஆரஞ்சு விவசாயிகளுக்குப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. நல்ல பழமாகப் பார்த்து ஏற்றினாலும் கிழக்கே போய்ச் சேரும்போது நீலப் பூஞ்சணம் பிடித்து அழுகிக் கிடந்தது. ரயில்காரன் ஐஸ் சரியாகப் போடவில்லை என்றார்கள் விவசாயிகள். பழமே சரியில்லை என்றார்கள் ரயில்காரர்கள். வண்டி தாமதம் என்றார்கள் வியாபாரிகள்.

அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த ஹரால்ட் பவல் என்பவர் இதை ஆராய வந்தார். பறிப்பதிலிருந்து சந்தை வரை பழத்தின் கூடவே போய்ப் பார்த்து, 1908-ல் அறிக்கை வெளியிட்டார். பூஞ்சண வித்து எங்கும் இருக்கிறது. தோல் முழுசாக உள்ள பழத்துக்குள் அதனால் எளிதில் நுழைய முடியாது. தோலில் காயம் பட்டால்தான் நுழைகிறது என்பது அவர் கண்டது. அந்தக் காயம் எங்கே ஏற்படுகிறது? பறிக்கும் கத்தரியின் கூர்முனை தோலில் படுவது ஒன்று. காம்பை நீளமாக விட்டு வெட்டினால் அது பக்கத்துப் பழத்தைக் குத்துவது இன்னொன்று. பறிப்பவர் நகம், கூடையின் அடியில் கிடக்கும் சரளையும் சுள்ளியும், பழத்தை உயரத்திலிருந்து கொட்டுவது என்று பட்டியல் நீண்டது. கவனமாகப் பறித்து, காயமின்றிப் பெட்டியிலிட்ட பழங்களையும், வழக்கம்போல் பறித்த பழங்களையும் ஒன்றாக அனுப்பிப் பார்த்தபோது அழுகலில் இருந்த வித்தியாசம் எவரும் மறுக்க முடியாதபடி இருந்தது.

அதாவது, 3,000 மைலுக்கு அப்பால் தெரிந்த அழுகலின் பெரும் பகுதிக்கு மரத்தடியிலேயே வித்து விழுந்துவிட்டது. முனை மழுங்கிய கத்தரி, கையுறை, காம்பை ஒட்ட வெட்டுதல் என்று தோட்டங்களில் வழக்கம் மாறத் தொடங்கியது. பவல் 1912-ல் ஆரஞ்சு விவசாயிகளின் கூட்டுறவு அமைப்புக்கே பொது மேலாளராக அமர்ந்தார். பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் ஆள் அவசரப்படத்தான் செய்வான். அவசரம் காயமாக முடியும். எலுமிச்சை, மா, சப்போட்டா பறிக்கும் நம் தோட்டங்களுக்கும் இது அப்படியே பொருந்தும். வாங்குகிறவன் கழிக்கும் கழிவுக்காக நாம் லாரிக்காரனைத் திட்டுகிறோம். ஒருமுறை நம் கூடையின் அடியையும் தடவிப் பார்க்கலாம்.

சிவப்பு மையில் வந்த கணக்கு

மாதிரி ரயிலில் ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு சீட்டு உண்டு. அசல் ரயிலில் சரக்கோடு போன சீட்டைப் பார்த்துச் சின்னதாகச் செய்தது. அனுப்புநர், பெறுநர், சரக்கு, எடை, எந்த வழி, எங்கே ஐஸ் போட வேண்டும் என்ற விவரம் அதில் இருக்கும். நண்பர்கள் ஐந்தாறு பேர் கூடி, ஆளுக்கொரு வண்டியை எடுத்து, சீட்டில் உள்ளபடி வேகன்களைக் கோத்தும் கழற்றியும் மாலை முழுவதும் ஓட்டுவார்கள். அப்படி ஓட்டும்போது பாதி வழியில் சிலரிடம் ஒரு திருத்தச் சீட்டு வந்து சேரும். "இந்த வேகன் சிகாகோவுக்கு இல்லை, பிட்ஸ்பர்க்குக்குத் திருப்பு" என்பது அதில் இருக்கும் உத்தரவு.

இது கற்பனை அல்ல. உண்மையில் அப்படித்தான் நடந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து ஏராளமான பழ வேகன்கள், வாங்க ஆள் முடிவாகாமலேயே கிழக்கு நோக்கிக் கிளம்பின. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தந்தி மூலம் பேரம் நடக்கும். எந்த நகரத்தில் விலை ஏறுகிறதோ அங்கே திருப்பிவிடுவார்கள். ரயில் கம்பெனிகளும் சில நிபந்தனைகளுடன் அதை அனுமதித்தன. விற்கிறவனுக்கு ஒரு வாரம் அவகாசம் கிடைத்தது. ஆனால் ஐஸ் கரைந்துகொண்டே இருக்கிறது, பழம் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. கடைசி வரை ஆள் கிடைக்காவிட்டால் கேட்ட விலைக்குத் தள்ள வேண்டியதுதான்.

இதற்கும் முன்பு, 1890-களின் தொடக்கத்தில், ஆரஞ்சு விவசாயிகள் நிலைமை இன்னும் மோசம். சரக்கைக் கமிஷன் வியாபாரியிடம் நம்பி அனுப்புவார்கள். விற்றபின் வாடகை, ஐஸ், கமிஷன், கழிவு எல்லாம் பிடித்துக்கொண்டு கணக்கு வரும். விலை விழுந்த நாளில் பழம் விற்ற பணம் வாடகைக்கே போதாமல், விவசாயியே மேற்கொண்டு பணம் கட்ட வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதி வரும். பழத்தையும் கொடுத்து, கடனாளியாகவும் ஆன கதை. வெங்காயம் விற்கப்போய் லாரி வாடகைக்குக் கைப்பணம் கொடுத்துவிட்டு வந்தவர்கள் நம்மிடையே இல்லையா?

அதற்கு அவர்கள் செய்த மாற்று, 1893-ல் தெற்குக் கலிஃபோர்னியாவில் விவசாயிகளே அமைத்த பழ விற்பனைக் கூட்டமைப்பு. 1905-ல் அது மாநிலம் தழுவிய அமைப்பாக விரிந்தது. எந்த வேகன் எந்த ஊருக்குப் போகிறது என்று ஒரே இடத்திலிருந்து பார்த்து, ஒரு சந்தையில் சரக்கு குவிந்து விலை விழாதபடி பிரித்து அனுப்பினார்கள். 1908-ல் அவர்கள் சூட்டிய சன்கிஸ்ட் என்ற பெயர் இன்றும் கடையில் இருக்கிறது. ஒரு முழு வேகனை நிரப்பச் சிறு விவசாயி ஒருவரால் ஆகாது. முழு வேகனுக்கு ஒரு வாடகை, சில்லறைச் சரக்குக்கு அதைவிட அதிக வாடகை. ஆகவே சேர்ந்து நிரப்பினால்தான் அந்த வாடகை கட்டுபடியாகும் என்ற கணக்கே பல சிறு சங்கங்களை உண்டாக்கியது எனலாம்.

கோதுமைக்குப் பலகைக் கதவு

பழ வேகன் அளவுக்குப் பகட்டு இல்லாதது கோதுமை ஏற்றிய பெட்டி. எனக்கு இதுதான் பிடித்தது. 1960-கள் வரை அமெரிக்கத் தானியத்தின் பெரும் பகுதி, மரச்சாமானும் மூட்டையும் ஏற்றுகிற அதே மூடிய பெட்டிகளில்தான் போயிற்று. மூட்டையாக அல்ல, உதிரியாக! கதவை அப்படியே விட்டால் தானியம் கொட்டிவிடும் அல்லவா? உள்புறத்தில் கதவு வாசலின் குறுக்கே பலகைகளை அடித்து, மேலே மட்டும் இடம் விட்டு, அந்த வழியாகக் குழாய் வைத்துத் தானியத்தைப் பாய்ச்சினார்கள். பிற்பாடு இரும்புப் பட்டை வைத்த கெட்டிக் காகிதக் கதவுகள் வந்தன. இறக்கும் இடத்தில் பலகையைப் பெயர்த்தால் ஒரு பகுதி தானாகக் கொட்டும். மீதியை வாரித் தள்ள வேண்டும். பெரிய துறைமுகக் கிடங்குகளில் வேகனையே தூக்கிச் சாய்க்கும் இயந்திரங்கள் இருந்தன.

அந்தப் பெட்டிகளின் உள்சுவரில் கோடுகள் போட்டிருக்கும். கோதுமைக்கு ஒரு கோடு, மக்காச்சோளத்துக்கு அதைவிட உயரத்தில் ஒன்று, ஓட்ஸ் தானியத்துக்கு இன்னும் மேலே. ஒரு புஷல் என்ற அளவில் கோதுமை 60 பவுண்டு நிற்கும்; மக்காச்சோளம் 56; ஓட்ஸ் 32தான். ஒரே உயரத்துக்கு நிரப்பினால் ஒன்றில் அச்சு முறியும், மற்றதில் பாதி வாடகை வீண். 50 டன் வேகன் ஒன்றில் நம் கணக்கில் ஏறத்தாழ 45 டன், அதாவது 75 கிலோ மூட்டையில் 600 மூட்டைத் தானியம் போகும். மாதிரி செய்வோர், கதவு சற்றே திறந்த வேகனில் இந்தப் பலகைகளைத் தீக்குச்சியினும் மெல்லிய சிம்புகளால் ஒட்டி வைக்கிறார்கள். இடுக்கு வழியே சிந்திய தானியம் தண்டவாள ஓரத்தில் மஞ்சளாகக் கிடப்பதையும் விடுவதில்லை.

அறுவடை நேரத்தில் வேகன் கிடைக்காமல் போவது அங்கேயும் ஆண்டுதோறும் இருந்த தொல்லை. ஒரு கம்பெனியின் வேகன் நாடு முழுவதும் சுற்றும். எங்கோ கிழக்கே சிக்கிக்கொண்டிருக்கும். சமவெளியில் கிடங்கு நிரம்பி, கோதுமையைத் தெருவோரம் மலைபோல் கொட்டி வைத்த ஆண்டுகள் உண்டு. வாடகைச் சண்டையோ இன்னும் பழையது. 1867-ல் தோன்றிய விவசாயிகள் சங்கமான கிரேஞ்ச் போராடியதால், பல மாநிலங்கள் ரயில் வாடகைக்கும் கிடங்குக் கட்டணத்துக்கும் வரம்பு கட்டின. அது செல்லும் என்று 1877-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1887-ல் மத்தியச் சட்டமே வந்தது. வாடகைப் பட்டியலைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும், ஒரே பாதையில் குறைந்த தூரத்துக்கு அதிக வாடகை கூடாது என்றெல்லாம் அது விதித்தது.

1961-ல் சதர்ன் ரயில்வே என்ற கம்பெனி 100 டன் பிடிக்கும், மேலே நிரப்பிக் கீழே திறந்துவிடும் அலுமினிய வேகன்களை இறக்கி, தானிய வாடகையைப் பாதிக்கும் மேல் குறைக்க முன்வந்தது. வாடகையைக் கட்டுப்படுத்தும் அதே ஆணையம் அதைத் தடுத்து நிறுத்தியது! படகுக்காரர்களும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். 1965-ல்தான் முடிவாகக் குறைந்த வாடகை அமலுக்கு வந்தது. தென்கிழக்கு மாநிலங்களின் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் மலிவாகக் கிடைத்தது. விவசாயிக்காக ஏற்பட்ட சட்டம் விவசாயிக்கே குறுக்கே நின்ற வேடிக்கை இது. "பெரிய ஜான்" என்று பெயர் பெற்ற அந்த வேகனும் மாதிரிக் கடைகளில் கிடைத்திருக்கிறது.

ஆடு மாடும் வாழைத்தாரும்

கால்நடை வேகனைச் சட்டப் பலகை இடைவெளிகளால் அடையாளம் காணலாம். ஆட்டுக்கும் பன்றிக்கும் இரண்டு தட்டு. மாட்டைத் தீனி, தண்ணீர் இல்லாமல் நாள் கணக்கில் அடைத்துக் கொண்டுபோன கொடுமை சகிக்காமல் 1873-லேயே சட்டம் வந்தது. 1906-ல் அதைத் திருத்தி அமைத்தார்கள். 28 மணி நேரத்துக்கு மேல் வண்டியில் வைக்கக் கூடாது. உடைமைக்காரர் எழுத்தில் கேட்டால் 36 மணி. பிறகு இறக்கி, தீனியும் நீரும் கொடுத்துக் குறைந்தது 5 மணி நேரம் ஓய்வு. ஆகவே மாதிரி ரயிலிலும் மாட்டு வண்டிக்கு வழியில் பட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். ஒரு வேகனை நிரப்ப மாடு இல்லாத சிறு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து அனுப்பினார்கள். எவருடைய மாடு எது என்று தெரிய உடம்பில் சாயக்குறி போட்டார்கள். இறக்கியபின் வேகனைக் கழுவிச் சுண்ணாம்பு தெளிப்பது வழக்கம். பக்கப் பலகைகளின் கீழ்ப்பாதியில் வழியும் அந்த வெள்ளைக் கறை இல்லாமல் மாட்டு வேகன் மாதிரி முழுமையாகாது.

கோழிக்கும் தனி வேகன் இருந்தது. சுவரே கம்பிவலைதான். சில ஆயிரம் கோழிகள். நடுவில் சின்ன அறை. அதில் ஓர் ஆள் கூடவே பயணம் செய்து தீனியும் தண்ணீரும் வைப்பார்.

வாழைப்பழம் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கி, இல்லினாய் சென்ட்ரல் ரயிலில் வடக்கே சிகாகோ பக்கம் போனது. பச்சைத் தார்களாகவே ஏற்றினார்கள். பெட்டியில் அடைக்கும் வழக்கம் 1960-ஐ ஒட்டித்தான் வந்தது. வாழைக்கு ஐஸ் வைப்பதில் எச்சரிக்கை தேவை. ஏறத்தாழ 13 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே போனால் தோல் கறுத்து, பழுக்க வேண்டியது பழுக்காமல் கெடும். வெப்பம் மிஞ்சினாலோ வண்டியிலேயே பழுத்துவிடும். அதனால் வாழை வண்டியோடு ஆள் போய் வெப்பத்தைப் பார்த்துப் பார்த்து, கூரை மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கென்டக்கி மாநிலத்தில் ஃபுல்டன் என்ற சிறிய ஊர் வழியில் ஐஸ் போடும் நிலையம். ஒரு வாழை மரமும் விளையாத அந்த ஊரில் 1963 முதல் பல ஆண்டுகள் வாழைப்பழத் திருவிழா நடந்தது!

கறைக்கும் ஒரு கணக்கு

புத்தம் புதிதாகப் பளபளக்கும் மாதிரி வேகனை இவர்கள் மதிப்பதில்லை. நீர்த்த வர்ணமும் சாக்குத்தூளும் பூசி, துருவும் புகையும் படிந்ததாக மாற்றுகிறார்கள். அதிலும் சரக்குக்கு ஏற்பக் கறை மாறும். சிமென்ட் வேகனில் சாம்பல் நிற வழிசல். மாவு வேகனில் வெள்ளை. பச்சைத் தோல் ஏற்றிய பெட்டி நாற்றமெடுத்து, வேறெதற்கும் உதவாமல் போகும். தோல் ஏற்ற மட்டும் என்று அதன்மேல் எழுதியே வைத்தார்கள். தானியத்துக்கும் மாவுக்கும் ஒழுகாத, சுத்தமான, முதல் தரப் பெட்டிதான் அனுப்ப வேண்டும். உரச் சாக்கிலும் பூச்சிமருந்து வந்த அட்டைப் பெட்டியிலும் நெல்லையும் காயையும் கட்டுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கலாம்.

1950-களில் இயந்திரக் குளிர்ப் பெட்டிகள் பெருகின. நெடுஞ்சாலைகள் விரிந்து லாரிகள் பழத்தைக் கொண்டுபோயின. 1970-களின் தொடக்கத்தில் ஐஸ் போடும் முறை ஏறக்குறைய முடிந்தது, மேடைகளைப் பிரித்துவிட்டார்கள். ஆனால் சர்க்கரைக் கிழங்கு ஏற்றிய பழைய மரப்பக்க வேகன்கள் மட்டும் கலிஃபோர்னியாவில் 1992 வரை ஓடின.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் செய்து பார்க்க விரும்பினால் கெட்டி அட்டையே போதும். 40 அடிப் பெட்டிக்கு நீளம் 14, அகலம் மூன்றரை, உயரம் மூன்றே முக்கால் சென்டிமீட்டர். பக்கத்துக்கு ஒரு கதவு, 2 சென்டிமீட்டர் அகலத்தில் நடுவே. ஐஸ் வேகனானால் கூரையின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு மூடி. அட்டைத் துண்டை ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் திறந்து மூடலாம். தண்டவாளத்தில் குதிக்காமல் ஓட வேகனின் மொத்த எடை ஏறக்குறைய 110 கிராம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சங்கத்தின் கணக்கு. பழைய நட்டும் வாஷரும் அடியில் ஒட்டினால் சரியாகிவிடும். ஆரஞ்சு ஏற்றக் கசகசா, கோஸுக்குக் கடுகு. கடுகைப் பச்சைச் சாயத்தில் முக்கி நிழலில் உலர்த்திக்கொள்ளவும்.